கட்டலாம், கூட்டலாம், கும்பிடலாம்

கொடைக்கானல் ஏரியிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குறிஞ்சி ஆண்டவர் கோயில். மேகம் விலகினால் கோயில் வளாகத்திலிருந்தே கீழே பழனி தெரியும். சுற்றுலா வண்டிகள் தவறாமல் நிற்கும் இடம். வழிகாட்டிகள் இரண்டு தகவல் சொல்வார்கள். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். 2018-ல் பூத்தது, இனி 2030-ல் பூக்கும். அடுத்தது, இந்தக் கோயிலை 1936-ல் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வந்தவர்கள் வியந்துவிட்டுச் சோளக்கதிர் வாங்கப் போய்விடுவார்கள். மூன்றாவதாக ஒரு தகவல் உண்டு. அது நமக்கு அவ்வளவு பழகிவிட்டதால் யாரும் சொல்வதில்லை. ஒரு பெண் கட்டிய இந்தக் கோயிலின் கருவறையில் நின்று ஒரு பெண் பூசை செய்ய முடியாது.

அந்தப் பெண்ணின் பெயர் லீலாவதி. ஆஸ்திரேலியாவில் ஹாரிசன் என்ற குடும்பத்தில் பிறந்தவர். இந்து சமயத்தைத் தழுவி, இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தார். இராமநாதன் 1913-ல் யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளைகளுக்காக ஒரு கல்லூரியைத் தொடங்கியவர். அவர் 1930-ல் இறந்தார். ஆறு ஆண்டு கழித்து லீலாவதி இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். பின்னர் அது பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயில் நிர்வாகத்தின் கீழ் வந்தது. இன்று அது அறநிலையத் துறைக்கு உட்பட்ட பொதுக்கோயில்.

கல்லும் சுண்ணாம்பும் வாங்குகிற பணம் ஒரு பெண்ணிடமிருந்து வரும்போது எந்த ஆகமமும் குறுக்கே வரவில்லை. கட்டி முடித்துக் குடமுழுக்கு ஆனதும் ஆகமம் வந்துவிட்டது. பெண் கோயில் கட்டலாம். விடியற்காலையில் பிரகாரம் கூட்டலாம், கோலம் போடலாம், பூக்கட்டலாம், பால்குடம் எடுக்கலாம், உண்டியலில் காசு போடலாம், முடி கொடுக்கலாம். அர்த்தமண்டபத்துக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிடலாம். கற்பூரத் தட்டை மட்டும் அவள் கை தொடக்கூடாது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணைக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அர்ச்சகராக நியமிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இதைவிடப் பொருத்தமான கோயில் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இது இந்துக் கோயில்களை மட்டும் கூண்டில் ஏற்றும் பேச்சு அல்ல. இந்த மலைநகரில் எல்லாச் சமயமும் இருக்கிறது. எல்லாச் சமயத்திலும் பெண்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பிரான்சில், லா சலேத் என்னும் மலையூரில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி மெலனி, 14 வயது, கூலிக்கு மாடு மேய்த்த ஏழைப் பெண். அவள் கண்ட காட்சியின் பெயரில் ஒரு பிரெஞ்சு சேசு சபைக் குரு கொடைக்கானலில் எழுப்பியதுதான் சலேத் மாதா ஆலயம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் திருவிழா நடக்கும். மலையே கூடும். இந்துப் பெண்களும் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பீடத்தில் இருப்பவள் ஒரு தாய். அவளைக் கண்டவள் ஒரு சிறுமி. முன்வரிசையில் முழந்தாளிடுபவர்கள் பெண்கள். திருப்பலி நிறைவேற்றுபவர் மட்டும் ஆண். பெண்களுக்குக் குருத்துவம் வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முடித்துவிட்டார். வாசகம் வாசிப்பதையும் பீடத்தில் உதவுவதையும் முறையான பணிகளாகப் பெண்களுக்குத் திறந்துவிடவே 2021 வரை ஆயிற்று.

இதே ஊரில்தான் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1984-ல் தமிழ்நாடு அரசு பெண்களுக்கென்று தொடங்கிய பல்கலைக்கழகம். அந்தப் பெயருக்குரியவரைத் திருச்சபை 2016-ல் புனிதர் என்று அறிவித்தது. உலகெங்கும் இல்லங்களை நிறுவினார். சாகக் கிடந்தவர்களைத் தெருவிலிருந்து தூக்கி வந்தார். ஆனால் ஒரு நாளும் அவர் திருப்பலி நிறைவேற்றியிருக்க முடியாது. அப்போதுதான் குருப்பட்டம் பெற்று வந்த இளைஞர் நிறைவேற்றுவார். அவர் முன் தெரசா முழந்தாளிட்டு அப்பம் வாங்க வேண்டும். புனிதர் ஆகலாம், பூசை வைக்க முடியாது என்றால், தடையாக நிற்பது தகுதி இல்லை என்பது தெளிவு. உடல்தான் தடை.

பள்ளிவாசலுக்கு வருவோம். பெண்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்து தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிச்சட்ட வாரியமே 2020-ல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. ஏட்டில் தடையில்லை. ஊரில் எத்தனை பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண்ணின் மணவிலக்கைப் பற்றி ஜமாத் கூடிப் பேசும். அந்தப் பெண் உள்ளே இருக்க மாட்டாள். இதைப் பொறுக்காமல்தான் புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்கள் ஜமாத்தைத் தொடங்கினார். பெண்களுக்கென்று ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்று கேட்டார். அவர் மீது பாய்ந்த வசவுகள், கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதற்குச் சான்று.

கதவைத் திறந்த சபையும் ஒன்று உண்டு. 1947-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1976-ல் ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013-ல் புஷ்பலலிதா நந்தியால் பேராயராகப் பொறுப்பேற்றார். பெண்கள் இன்னும் அங்கே சிறுபான்மைதான். ஆனாலும் பெண் கையால் நற்கருணை வாங்கியவர்கள் யாரும் விசுவாசத்தை இழந்துவிடவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. சபை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகவே எல்லாச் சமயத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பிறகு ஏன் குறிஞ்சி ஆண்டவரிடம் தொடங்குகிறேன்? திருச்சபையின் சட்டம் ரோமில் இருக்கிறது. ஜமாத்தின் சாவி ஜமாத்திடம் இருக்கிறது. இந்தக் கோயிலின் சாவி அரசின் ஒரு துறையிடம், அதாவது நம்மிடம் இருக்கிறது. நம் வரிப்பணத்தில் இயங்கும் அரசுக்குப் பெண்ணை வெளியே நிறுத்த உரிமை கிடையாது.

இனி, மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் தமிழ் படித்தவள். இது என் துறை.

முருகனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் திருமுருகாற்றுப்படையைத்தான் எடுப்பார்கள். பத்துப்பாட்டின் முதல் பாட்டு, 317 அடி, நக்கீரர் பாடியது. பழனி அதில் திருவாவினன்குடி என்ற பெயரில் வருகிறது. ஆன்மிக மேடைகளில் அந்தப் பகுதியைச் சொல்வார்கள், திருச்சீரலைவாயைச் சொல்வார்கள். கடைசிப் பகுதிக்கு வரும்போது குரல் வேகமெடுத்து ஓடிவிடும். அந்தக் கடைசிப் பகுதியில் மலைக்காட்டில் முருகனுக்கு ஒரு வழிபாடு நடக்கிறது. அதை நடத்துபவள் குறமகள். மாறுபட்ட நிறமுள்ள இரண்டு ஆடைகளை உடுத்துகிறாள். சிவப்பு நூல் கட்டுகிறாள். வெண்பொரி தூவுகிறாள். கிடாயின் குருதி கலந்த அரிசியைப் பலியாக வைக்கிறாள். மஞ்சளும் மணநீரும் தெளிக்கிறாள். செவ்வலரி மாலைகளைத் தொங்கவிடுகிறாள். நறும்புகை காட்டிக் குறிஞ்சிப் பண் பாடுகிறாள். முருகன் வருகிறான்.

வகுப்பில் இதை நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்ப அந்தம்மாதான் பூசாரியா, மேடம்?" ஆமாம், அந்தம்மாதான் பூசாரி. சங்க இலக்கியத்தில் வெறியாடும் வேலனும் உண்டு, அவன் ஆண். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவனோடு கூடவே கட்டுவிச்சி இருக்கிறாள், அகவன் மகள் இருக்கிறாள், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் தெய்வம் ஏறி ஆடும் சாலினி இருக்கிறாள். தமிழ் நிலத்தின் பழைய வழிபாட்டில் பெண் வேடிக்கை பார்க்க வந்தவள் அல்லள். தெய்வத்தை அழைத்தவள் அவள்.

பிற்காலத்தில் அந்தக் குறமகள் எங்கே போனாள்? முருகனின் பக்கத்தில் வள்ளியாகச் சிலையில் நிற்கிறாள். பூசை செய்த குறமகளை நீக்கிவிட்டு, மணம் முடித்த குறமகளை மட்டும் வைத்துக்கொண்டோம். திருக்கல்யாணத்தை ஆண்டுதோறும் நடத்துகிறோம். அவள் கையிலிருந்த தூபத்தைப் பறித்ததைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இப்போது குறிஞ்சி நிலத்தில், குறிஞ்சி என்றே பெயர் வைத்த முருகன் கோயிலில், பெண் பூசை செய்தால் மரபு கெடும் என்கிறார்கள். யார் மரபு? எத்தனை நூற்றாண்டு மரபு? கிடாயின் குருதியைத் திருப்பிக் கேட்கவில்லை. பூசை செய்த உரிமையைத்தான் கேட்கிறோம்.

அடுத்த மறுப்பு ஆகமம். ஆகமத்தின் பெயரால் தமிழ்நாட்டில் மூடப்பட்ட கதவுகளின் பட்டியல் நீளமானது. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றபோது, ஆகமம் கெட்டுவிட்டது என்று பட்டர்கள் பூசை செய்ய மறுத்தார்கள். மீனாட்சி அங்கேயேதான் இருக்கிறாள். 1970-ல் பரம்பரை அர்ச்சகர் முறையைத் தமிழ்நாடு அரசு ஒழித்தபோது உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1972-ல் தீர்ப்பு வந்த அந்த வழக்கில் முதல் மனுதாரரின் பெயர் சேஷம்மாள். ஆண்கள் மட்டுமே நிற்கக்கூடிய கருவறையைக் காக்கும் வழக்கின் தலைப்பில் ஒரு பெண்ணின் பெயர். மனுவில் கையெழுத்துப் போடவும் பெண் ஆகலாம் போலிருக்கிறது.

பிறகு 2006-ல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற ஆணை வந்தது. பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. அவற்றில் ஒன்று பழனியில். அங்கே பயின்ற ஆண்கள் வேலைக்காகப் பல்லாண்டு காத்திருந்தார்கள். 2021 ஆகஸ்டில்தான் பார்ப்பனரல்லாத அர்ச்சகர்கள் ஒரே நாளில் பலர் நியமனம் பெற்றார்கள். அன்றே மாடம்பாக்கம் கோயிலுக்கு ஒரு பெண் ஓதுவாராக வந்தார். 2023-ல் மூன்று பெண்கள் ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் அர்ச்சகர் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். முதலமைச்சர் வாழ்த்தினார், படங்கள் வந்தன. சான்றிதழ் தாளில் இருக்கிறது. கருவறை கல்லில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை வாழ்த்துச் செய்தியால் கடக்க முடியாது.

2022-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஆகமக் கோயில்களில் ஆகமப்படியே நியமனம் நடக்க வேண்டும் என்றும், எவை ஆகமக் கோயில்கள் என்று ஒரு குழு கண்டறிய வேண்டும் என்றும் சொன்னது. சரி, ஆயிரம் ஆண்டுக் கோயில்களுக்கு வேண்டுமானால் குழு போட்டு ஆராயட்டும். 1936-ல் ஒரு கைம்பெண் கட்டிய கோயிலுக்கு எந்த மன்னன் காலத்துப் பரம்பரை உரிமையைத் தோண்டி எடுப்பார்கள்? இந்தக் கோயிலுக்குத் தொடக்கம் தெரியும். கட்டியவர் யார் என்று தெரியும். ஆகம முறையில்தான் பூசை நடக்க வேண்டும் என்றால் நடக்கட்டும். ஆகமம் படித்த பெண் அதை நடத்தட்டும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தந்தைக்குப் பின் துர்க்கையம்மனுக்குப் பூசை செய்த பெண்ணை ஊரார் தடுத்தபோது, 2008-ல் மதுரை அமர்வில் நீதிபதி சந்துரு அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தார். பெண் பூசை செய்வதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

ஆகமம் என்று சொல்லும் வாய்கள் உள்ளுக்குள் முணுமுணுக்கும் சொல் வேறு. தீட்டு. அதை வெளியே எடுத்துப் பேசுவோம். மதுரை மாவட்டம் கூவலாபுரத்திலும் சுற்றியுள்ள சில ஊர்களிலும் மாதவிடாய் வந்த பெண்கள் ஊருக்கு வெளியே முட்டுத்துறை என்ற தனி வீட்டில் தங்க வேண்டியிருப்பதைப் பத்திரிகைகள் எழுதின. சாமி குற்றம் ஆகிவிடுமாம். 2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது பட்டுக்கோட்டை அருகே, பூப்படைந்ததற்காகத் தனிக் குடிசையில் வைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தென்னை விழுந்து இறந்தாள். கருவறை வாசலில் போட்ட கோடுதான் நீண்டு நீண்டு அந்தக் குடிசை வரை போகிறது. அர்ச்சகர் வேலை நாலு பேருக்குக் கிடைக்கிற வேலை, அதற்கு இவ்வளவு பேச்சா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கடவுளுக்கு அருகில் போகத் தகாத உடல் என்று ஓர் இடத்தில் ஒப்புக்கொண்டால், அந்த உடலை அடுப்படியிலிருந்தும் திண்ணையிலிருந்தும் தள்ளி வைக்க எல்லோருக்கும் உரிமை வந்துவிடுகிறது. மேல்மருவத்தூரில் பெண்கள் மாதவிடாய் நாள் பார்க்காமல் கருவறைக்குள் சென்று வழிபடுகிறார்கள். ஆதிபராசக்திக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

2024 ஜனவரியில் பழனிக் கோயில் பற்றி ஒரு தீர்ப்பு வந்தது. இந்து அல்லாதவர்களுக்குக் கொடிமரத்துக்கு அப்பால் அனுமதியில்லை என்று பலகை வைக்க வேண்டும் என்றது மதுரை அமர்வு. யார் வெளியே நிற்க வேண்டும் என்று நாடு முழுவதும் விவாதம் நடந்தது. உள்ளே வந்தவர்களுக்குள் யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்ற விவாதம் நடக்கவில்லை. கொடிமரம் ஒரு கோடு என்றால் அர்த்தமண்டபம் இன்னொரு கோடு. முதல் கோட்டைத் தாண்டிவிட்ட பெருமையில் இரண்டாவது கோட்டை நாம் மறந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

நம் பக்கத்துத் தோழிகளும் ஒரு கேள்வி கேட்பார்கள். மதமே பெண்ணுக்கு எதிரி, அதில் போய் மணி ஆட்டும் வேலையில் பங்கு கேட்பதா என்று. நியாயமான கேள்வி. ஆனால் கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுவதும் சொன்ன பெரியார்தான் 1970 தொடக்கத்தில் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்தார். பரம்பரை முறையை ஒழித்த சட்டம் அந்த அழுத்தத்தில் பிறந்தது. அவர் சாமி கும்பிடப் போகவில்லை. நீ தொட்டால் தீட்டு என்று சொல்லும் கல் ஒன்று ஊர் நடுவே இருக்கும்வரை யாருக்கும் சுயமரியாதை இல்லை என்பதுதான் அவர் கணக்கு. அந்தக் கணக்கைப் பெண்ணுக்கும் போட வேண்டும். கும்பிடுவதும் கும்பிடாததும் அவரவர் விருப்பம். தொடத் தகாதவள் என்று அரசுத் துறையே சொல்வதை ஏற்பது விருப்பம் சார்ந்தது அல்ல.

பெண்களே கேட்கவில்லையே என்பது கடைசி மறுப்பு. கேட்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மூன்று பெண்கள் படித்து முடித்ததே கேட்டதுதான். பழனி தேவஸ்தானம் 1970 முதல் பெண்களுக்கு ஒரு கலைக் கல்லூரி நடத்துகிறது. உண்டியல் காசில் பெண்கள் பட்டம் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்ட நிர்வாகம் அது. அறநிலையத் துறைச் சட்டப்படி அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருக்க வேண்டும். ஆக, கோயில் காசில் படிக்கலாம், கோயில் கணக்கைச் சரிபார்க்கலாம். அந்தக் கோயில் சாமிக்கு ஒரு பூவை எடுத்து வைக்க முடியாது.

அறநிலையத் துறை செய்ய வேண்டியவை மிக எளியவை. பழனி அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் பெண்களைச் சேர்க்க வேண்டும்; அவர்களுக்கு விடுதியும் உதவித்தொகையும் தர வேண்டும். எந்தச் சாதிப் பெண்ணும் வரலாம் என்று விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும். பளியர் குடியிருப்பிலிருந்து ஒரு பெண் வந்தால் அவளுக்கு இந்த மலையில் எல்லோரையும் விட மூத்த உரிமை உண்டு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் அடுத்த அர்ச்சகர் பணியிடம் காலியாகும்போது அதைப் பயிற்சி பெற்ற பெண்ணுக்குத் தர வேண்டும். உதவியாளராக, தீபம் ஏற்றுபவராக, வெளிப்பிரகாரச் சன்னிதிக்கு மட்டும் என்று சுற்றி வளைக்காமல், மூலவருக்குப் பூசை செய்யும் அர்ச்சகராக. வழக்குப் போடுவார்கள். போடட்டும். அரசு அந்த வழக்கை நடத்தட்டும். எத்தனையோ வழக்கை நடத்திய அரசுதானே.

அடுத்த குறிஞ்சி 2030-ல் பூக்கும். வழிகாட்டிகள் அப்போதும் வண்டி வண்டியாக ஆட்களைக் கூட்டி வருவார்கள். அதற்குள் அவர்கள் சொல்ல மூன்றாவது தகவல் ஒன்று இருக்க வேண்டும்: இந்தக் கோயிலைக் கட்டியவர் ஒரு பெண், இங்கே பூசை செய்பவரும் ஒரு பெண். சோளக்கதிர் வாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, இதில் என்ன அதிசயம் என்பதுபோல் போக வேண்டும்.